கார்ப்பெட் சுத்தம் செய்யும் தொழிலுக்குத் தண்ணீர் உறிஞ்சும் வாண்ட் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

திருப்பூரில் கார்ப்பெட், சோபா சுத்தம் செய்யும் தொழில் தொடங்கப் போகிறேன், ஒற்றை மோட்டார் எக்ஸ்ட்ராக்டர் (தண்ணீரைப் பீய்ச்சி அழுக்கோடு திரும்ப உறிஞ்சும்) மெஷின் ஒன்றை விலை பேசி வைத்திருக்கிறேன், வாண்ட் (கையில் பிடித்துக் கார்ப்பெட் மேல் இழுக்கும் உறிஞ்சு குழாய்) தனியாக வாங்க வேண்டும், 12 அங்குல வாய் நல்லதா, பம்ப் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கோயமுத்தூரில் 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அதற்கு முன் இங்கேயே கணபதிப் பகுதியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் இருந்தேன். நேராகவே சொல்லிவிடுகிறேன்: ஒற்றை மோட்டாருக்கு 12 அங்குலம் வேண்டாம், 10 போதும். அழுத்தத்துக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தை உறிஞ்சுகிற பக்கத்துக்குக் கொடுங்கள்.

இது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், முதல் வருடம் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்து மேடைக் கார்ப்பெட் வேலை. கையில் ஒற்றை மோட்டார் மெஷின், 12 அங்குல வாண்ட். சீக்கிரம் முடிய வேண்டும் என்று அழுத்தத்தை ஏற்றி வைத்து அடித்தேன். குங்குமம், சந்தனம், மிதிபட்ட பூ எல்லாம் போய்க் கார்ப்பெட் புதுசு மாதிரி இருந்தது. மேனேஜருக்கும் சந்தோஷம். மறுநாள் காலை அவரே போன் செய்தார். "ஏனுங்க தம்பி, கால் வெச்சா சொதசொதங்குதுங்க. ஒரு மாதிரி வாடை வேற அடிக்குது. நாளன்னைக்கு முகூர்த்தம் இருக்குதுங்க."

ஓடிப் போய்ப் பார்த்தால் அடியில் இருந்த பிளைவுட் ஊறியிருந்தது. கார்ப்பெட்டின் பின்புறம் சணல். சணல் அதிகம் நனைந்துவிட்டால், காயும்போது அதன் பழுப்பு நிறம் ஈரத்தோடு சேர்ந்து மேலே ஏறும். மேடையின் ஒரு ஓரம் முழுக்கத் தேநீர் கொட்டிய மாதிரி கறை. மூன்று பெடஸ்டல் ஃபேன் வைத்து இரண்டு ராத்திரி அங்கேயே இருந்தேன். அழுக்கை எடுத்தேன், தண்ணீரை எடுக்கவில்லை. வாடிக்கையாளர் நமக்குக் காசு கொடுப்பது இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

இனி கணக்கு. கடைக்காரர் இரண்டு எண் சொல்வார். ஒன்று வாட்டர் லிஃப்ட், இன்னொன்று காற்றோட்டம். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். லிஃப்ட் என்பது பம்பின் ஹெட் (எவ்வளவு உயரம் தூக்கும்), காற்றோட்டம் என்பது டிஸ்சார்ஜ் (எவ்வளவு தள்ளும்). அதிகபட்ச ஹெட்டும் அதிகபட்ச டிஸ்சார்ஜும் ஒரே நேரத்தில் வராது என்பது கிணற்றுக்கு மோட்டார் வாங்கிய எந்த விவசாயிக்கும் தெரியும். இங்கேயும் அப்படித்தான். லிஃப்டை அளப்பது வாயை முழுக்க அடைத்துவிட்டு. காற்றோட்டத்தை அளப்பது முழுக்கத் திறந்துவிட்டு. கார்ப்பெட் மேல் வாண்ட் ஓடுவது இந்த இரண்டுக்கும் நடுவில். அதனால் ஒரே ஒரு எண்ணைச் சொல்லி விற்பவரிடம் இன்னொன்றையும் கேளுங்கள். அலகு குழப்பினால், 1 கிலோபாஸ்கல் ஏறக்குறைய 4 அங்குல லிஃப்ட், விநாடிக்கு 47 லிட்டர் ஏறக்குறைய 100 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி) என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மோட்டார் மெஷினாக இருந்தால் சீரிஸா பேரலலா என்றும் கேட்க வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் லிஃப்ட் கூடும், பக்கத்தில் பக்கத்தில் போட்டால் காற்று கூடும். இரண்டு பம்பைச் சேர்ப்பது போலவேதான்.

அந்தக் காற்று கடைசியில் போய்ச் சேரும் இடம் வாண்டின் வாய். ஒரு மோட்டார் இழுக்கிற காற்று 12 அங்குல வாயில் பரவும்போது வேகம் குறைந்துவிடும். நூல்களின் அடியில் இருக்கும் தண்ணீரைக் கிளப்புவது அந்த வேகம்தான். குழாயும் அப்படியே. ஒன்றரை அங்குலக் குழாய் உங்கள் மெஷினுக்குச் சரி. 2 அங்குலக் குழாய் வைத்த வாண்ட் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அது வேனில் பொருத்தும் பெரிய மெஷின்களுக்கானது.

அப்புறம் கிளைடு. வாயின் விளிம்பில் மாட்டும் டெஃப்லான் பட்டை அது. இதைத் தேவையில்லாத செலவு என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வெறும் ஸ்டீல் விளிம்பு ஈரக் கார்ப்பெட்டில் பிடித்துக்கொள்ளும், சாயங்காலம் தோள்பட்டை கழன்றுவிடும். கை வலிக்க ஆரம்பித்ததும் நம்மை அறியாமல் வாண்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்போம். அந்த இடைவெளியில் காற்று வெளியிலிருந்து நுழைந்துவிடும், தண்ணீர் கார்ப்பெட்டிலேயே நிற்கும். கிளைடு போட்டால் வழுக்கிக்கொண்டு போகும், வாயும் ஒட்டியே இருக்கும். ஒட்டியிருக்கிறதா என்பதை மோட்டார் சத்தமே சொல்லிவிடும். சரியாகப் படிந்தால் சுருதி ஏறும், ஒரு பக்கம் தூக்கினால் "புஸ்" என்று இறங்கும். ஒற்றை மோட்டாருக்கு ஓட்டை சின்னதாக உள்ள கிளைடையே வாங்குங்கள், பெரிய ஓட்டை இழுவையைத் தின்றுவிடும். வாங்கிய பிறகும் வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். ஒரு சின்னப் பிசிறு இருந்தாலும் வளைய நூல் கார்ப்பெட்டில் மாட்டி ஒரு வரிசையையே உருவிவிடும்.

வாயின் மேல்புறம் கண்ணாடி மாதிரி ஜன்னல் வைத்த வாண்ட் கிடைத்தால் விடாதீர்கள். தண்ணீர் விட்டுக்கொண்டே ஒரு இழுப்பு, பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு வெறும் இழுப்பு. முதல் வெறும் இழுப்பில் பழுப்புத் தண்ணீர் தகடாக ஓடும். அடுத்ததில் கோடு கோடாக. அப்புறம் முத்து முத்தாகத் துளி மட்டும். அதுவரை இழுக்க வேண்டும். பிறகு ஒரு வெள்ளை வேட்டித் துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். எடுத்துப் பார்த்தால் லேசான ஈரத் தடம் இருக்கலாம், நனைந்திருக்கக் கூடாது.

வாண்டில் தண்ணீரைப் பீய்ச்சும் சின்ன முனைகளான ஜெட்டுகளைப் பற்றிக் கொஞ்சம். ஜெட்டில் 11002 என்று பொறித்திருந்தால் 110 டிகிரி விரிவு, 40 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் நிமிடத்துக்கு 0.2 அமெரிக்கக் கேலன் என்று அர்த்தம். இரண்டு ஜெட் என்றால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். அழுத்தத்தை 160க்கு ஏற்றினால், அதாவது நான்கு மடங்கு ஆக்கினால், தண்ணீர் இரண்டு மடங்காகி 3 லிட்டர் ஆகும். அந்த 3 லிட்டரையும் திரும்ப எடுக்க உங்கள் மோட்டாருக்குத் தெம்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆபீஸ் கார்ப்பெட்டுக்கு 100 பிஎஸ்ஐ எனக்குத் தாராளம். வேலைக்கு முன் வெறும் வேக்யூமை நிதானமாகப் போட்டு மண்ணை எடுத்துவிட்டால் இன்னும் குறைவாகவே போதும்.

நம் பக்கத்தில் ஜெட்டுக்கு எமன் போர் தண்ணீர். கோயமுத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் இடங்களில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் குடிக்கிற தண்ணீரைக் கார்ப்பெட்டுக்குக் கேட்க மனம் வராது. திருப்பூர் போர் தண்ணீரைப் பற்றி உங்களுக்கே தெரியும். அந்தச் சப்பைத் தண்ணீர், அதாவது உப்பு மிகுந்த கடினத் தண்ணீர், ஜெட்டின் வாயில் வெள்ளையாகப் படியும், விசிறி மாதிரி விரிய வேண்டியது ஒரு பக்கமாகச் சாயும், கார்ப்பெட்டில் ஒரு பட்டை நனையும், பக்கத்துப் பட்டை காய்ந்தே கிடக்கும். ஊசியால் குத்தாதீர்கள், துளை கோணிவிடும். எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் ஜெட்டைப் போட்டு வைத்தால் போதும். ஜெட்டைக் கையாலேயே கழற்றி மாட்டும்படி உள்ள வாண்ட் இதற்காகவே நல்லது.

ஹோஸ் 25 அடிக்கு மேல் வேண்டாம், மெஷினையே பக்கத்தில் உருட்டிக்கொண்டு போகலாம். சோபாவுக்கும் படிக்கட்டுக்கும் 4 அங்குலக் கைக்கருவி ஒன்று கட்டாயம். ஹீட்டர் உள்ள மெஷினாக இருந்தால் வயரிங்கைப் பாருங்கள்: 16 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் 3,680 வாட்தான் தாங்கும். இரண்டு மோட்டாரும் ஹீட்டரும் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பைப் உடைந்து வெள்ளம் புகுந்த வேலைக்கு இந்த வாண்ட் போதாது. கார்ப்பெட்டுக்குக் கீழே மெத்தைப் பஞ்சு இருந்தால் தண்ணீர் அதில்தான் நிற்கும். அதற்கென்று மேலே ஏறி நின்று அழுத்தி உறிஞ்சும் தட்டையான கருவிகள் உண்டு. நம் எடையே பஞ்சைப் பிழிந்துவிடும். முதல் வருடத்தில் அது உங்களுக்குத் தேவைப்படாது. உள்ளே வந்தது சாக்கடைத் தண்ணீர் என்றால் பஞ்சைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம், எடுத்துப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

பவானி ஜமக்காளத்தைச் சிலர் கார்ப்பெட்டோடு சேர்த்துக் கொடுப்பார்கள். பருத்தி நூல், அழுத்தமான சாயம். முதலில் ஈர வெள்ளைத் துணியை ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். சிவப்போ பச்சையோ துணியில் இறங்கினால் சுடு தண்ணீர் மெஷினைக் கிட்டேயே கொண்டு போகாதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. பழைய கார்ப்பெட் துண்டு ஒன்றைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் மேல் 3 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். கடைக்காரரின் மெஷினிலேயே ஒவ்வொரு வாண்டையும் மாட்டி, அதே எண்ணிக்கையில் இழுத்து, மறுபடி நிறுங்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. எது துண்டை லேசாக்குகிறதோ அதை எடுங்கள். இதற்குச் சம்மதிக்காத கடையில் நான் வாங்குவதில்லை.

உங்களுக்கு இன்னொரு அனுகூலமும் இருக்கிறது. ஆடியில் முகூர்த்தம் கிடையாது, மண்டபங்கள் காலியாக இருக்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் அப்போதுதான் அடித்து வீசும். மண்டபக்காரர்களிடம் ஆனியிலேயே பேசி வைத்துவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்தால் காலையில் முடித்த வேலை சாயங்காலம் காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் அதே வேலையை எடுத்தால் வெறும் இழுப்பை இரட்டிப்பாக்கி, ஃபேனுக்கும் சேர்த்து விலை சொல்லுங்கள்.