பிரஷ்ஷும் சோப்பும் வைத்து ஷேவ் செய்பவர்கள் நுரையை எப்படித் தயார் செய்கிறீர்கள்? கிண்ணத்திலா, நேரடியாக முகத்திலா?

கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். முக்கால்வாசி சிரட்டையில் (கொட்டாங்குச்சியில்) அடிப்பேன், மீதியை முகத்தில் முடிப்பேன். க்ரீம் கிடையாது, சோப்பு. வெந்நீர் கிடையாது, பச்சைத்தண்ணீர். ஆனால் கிண்ணமா முகமா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வதற்கு முன்னால் எந்தத் தண்ணீர், எவ்வளவு தண்ணீர் என்று பாருங்கள் என்பதுதான் என் கட்சி. இதை நான் கற்றுக்கொண்டதே மாமனார் வீட்டில் அசடு வழிந்துதான்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். ரப்பர் தோட்டத்துக்குள் வீடு, பக்கத்தில் ஓடை. பாட்டா (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஞாயிற்றுக்கிழமை காலையில் திண்ணையில் உட்கார்ந்து, கைக்கண்ணாடியை ஜன்னல் கம்பியில் சொருகி வைத்துவிட்டு நுரை அடிப்பதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். எங்கள் பக்கம் கேரள எல்லையை ஒட்டியது என்பதால் நுரையைப் பத என்போம். "எலே, பத கன்னத்துல நிக்கணும், வடியப்படாது" என்பார். அவ்வளவுதான் அவர் சொல்லித் தந்த பாடம். அவருடைய ரேசர்தான் இன்றும் என் கையில் இருக்கிறது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் காப்புரிமை வாங்கிய அதே இரட்டை முனை பிளேடு அமைப்பு என்பதால் முக்குக் கடையில் இன்று வாங்கும் பிளேடும் அதில் சிக்கலில்லாமல் உட்காருகிறது. சரி, பிளேடு வேறு கதை, அதற்குள் போனால் திரும்பி வர மாட்டேன்.

கல்யாணம் முடிந்து மணவாளக்குறிச்சிப் பக்கம் மாமனார் வீட்டுக்குப் போனேன். கடல் அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது. மறுநாள் காலையில் அதே சோப்பு, அதே பிரஷ், அதே கை. நுரை மட்டும் வரவில்லை. பிரஷ்ஷை இருபது சுற்று, நாற்பது சுற்று என்று சுற்றுகிறேன், கிண்ணத்தின் ஓரத்தில் தயிர் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் ஒட்டுகின்றன, நடுவில் சாம்பல் நிறத்தில் தண்ணீர். முகத்தில் பூசினால் அரை நிமிடத்தில் காய்ந்து இழுக்கிறது. போலி சோப்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டிக்கொண்டே, பாதி மழித்தும் பாதி கீறியும் வெளியே வந்தேன். மாமா என் தாடையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "மருமவனே, சோப்பை ஏன் ஏசுதீரு? இந்தக் கெணத்துத் தண்ணியில துணி சோப்பே பதையாது" என்றார்.

விஷயம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். கடின நீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத உப்பாகிவிடும். கிண்ணத்தில் ஒட்டிய வெள்ளைத் துணுக்கு அதுதான். நுரையாக வேண்டிய சோப்பு அழுக்காகப் படிகிறது. கடலோரக் கிணற்றில் உப்பும் கூடச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம், உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கரையாது, திரண்டு பிரிந்துவிடும் (சோப்பு தயாரிக்கும்போது அதைத் தனியாகப் பிரித்தெடுக்க உப்புப் போடுவது இதனால்தான்). கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். பைகார்பனேட்டால் வரும் கடினத்தன்மை மட்டும்தான் அதில் போகும், உப்பு எங்கேயும் போகாது. நான் இரண்டு நாள் கொதிக்க வைத்துப் பார்த்து கேஸைத்தான் வீணாக்கினேன்.

தீர்வு ரொம்பச் சின்னது. நுரை அடிக்க மொத்தமே ஒரு டம்ளர் தண்ணீர் போதும். அந்த ஒரு டம்ளரை மட்டும் குடிக்கிற கேன் தண்ணீரில் எடுங்கள், முகம் கழுவ, ரேசர் அலச எல்லாம் குழாய்த் தண்ணீர் போதும். இன்னும் நல்லது மழைத்தண்ணீர். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. முதல் மழையில் ஓட்டுத் தூசி எல்லாம் போகட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்த மழையில் சாய்ப்பில் வழிவதைத் துணி கட்டிப் பிடித்து இரண்டு பாட்டிலில் வைத்துக்கொள்வேன். மழைத்தண்ணீரில் அடித்த நுரையை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் சோப்புக் கம்பெனியைக் குறை சொல்ல மனம் வராது.

அடுத்து, எவ்வளவு தண்ணீர். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள், நானும் வருஷக்கணக்கில் விட்டேன். பிரஷ்ஷை நனைத்து, நன்றாக இரண்டு உதறு உதறிவிட்டு, சோப்பின் மேல் அழுத்தாமல் அரை நிமிடம் சுற்றுங்கள். முதலில் பெரிய பெரிய குமிழியாக வரும், அதைப் பார்த்து ஆகா நுரை வந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது. பிரஷ் நுனியில் களிம்பு மாதிரி அப்பிக்கொள்ளும் வரை சுற்ற வேண்டும். அதைச் சிரட்டைக்கு மாற்றி, விரல் நுனியால் நாலைந்து சொட்டுத் தண்ணீர், பத்துப் பதினைந்து சுற்று, மறுபடி நாலு சொட்டு, மறுபடி சுற்று. அவசரப்பட்டு ஒரு மடக்குத் தண்ணீர் ஊற்றினீர்களோ, காரியம் கெட்டது.

கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். நுரை மங்கலாக, சுண்ணாம்பு மாதிரி இருந்தால் தண்ணீர் போதவில்லை, முகத்தில் காயும், பிளேடு இழுக்கும். குமிழி கண்ணுக்குத் தெரிந்து, கன்னத்தில் இருந்து வடிந்தால் தண்ணீர் கூடிப்போச்சு, இன்னும் கொஞ்சம் சோப்பு எடுக்க வேண்டும். சரியான நுரைக்கு ஒரு பளபளப்பு உண்டு. தோய்ந்த எருமைத் தயிரை அகப்பையால் கலக்கியது மாதிரி இருக்கும், பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கும், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்கும். அந்த வழுக்கல்தான் முக்கியம். கடையில் விற்கும் அழுத்த டப்பா நுரை மலை மாதிரி வந்து நிற்கும், ஆனால் அதைப் பொங்க வைப்பது உள்ளே அடைத்திருக்கும் வாயு, தேய்த்துப் பார்த்தால் கையில் ஒன்றும் இருக்காது. நுரையின் உயரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

சோப்பா க்ரீமா என்று கேட்டால், புதிதாக ஆரம்பிப்பவர் க்ரீமில் ஆரம்பிக்கலாம், தப்பு நடக்க வாய்ப்புக் குறைவு. ஒரு மொச்சைக்கொட்டை அளவு போதும், விளம்பரத்தில் காட்டுகிற நீளத்துக்குப் பிதுக்கினால் ட்யூப் மாதக் கடைசியைப் பார்க்காது. எனக்குச் சோப்புதான் பிடிக்கும். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் நிறைய இருக்கும், பொட்டாசியம் சோப்பும் கலந்திருக்கும், அதனால்தான் நுரை கெட்டியாக, காயாமல் நிற்கிறது. தேங்காய் எண்ணெய்ச் சோப்பு சட்டென்று பொங்கும், ஆனால் பெரிய குமிழி, சீக்கிரம் அமுங்கிவிடும், சிலருக்குத் தோலும் இழுக்கும். தேங்காய் ஊர்க்காரன் நானே சொல்கிறேன், குளிக்கிற சோப்பை வைத்து ஷேவ் செய்யாதீர்கள். பாட்டா கை வசம் ஒன்றும் இல்லாத நாளில் அதையும் செய்வார், அன்றைக்கு முழுக்கப் படிகாரக் கல்லும் கையுமாக இருப்பார்.

கிண்ணத்துக்கு வருவோம். எவர்சில்வர் கிண்ணத்தில் அடிப்பேன் முன்பெல்லாம். வழவழப்பில் பிரஷ் வழுக்கிக்கொண்டே ஓடும், காற்று உள்ளே போகாது. ஒருநாள் அடுக்களையில் துருவி வைத்திருந்த சிரட்டையை எடுத்து, சும்மா ஒரு ஆசைக்கு அடித்துப் பார்த்தேன், பாதி நேரத்தில் நுரை வந்துவிட்டது. உள்பக்கத்தில் இருக்கிற லேசான சொரசொரப்புதான் காரணம். கண் இருக்கும் பாதியை எடுக்காதீர்கள், ஒரு கண் எப்படியும் ஒழுகும். மற்ற பாதியை எடுத்து, ஒட்டியிருக்கும் பருப்பைச் சுரண்டிவிட்டு, விளிம்பை மட்டும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் போதும், உள்ளே தேய்த்து வழவழப்பாக்கினால் வந்த காரியமே போச்சு. உருளுமே என்றால், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கென்றே செய்தது மாதிரி உட்காரும்.

அப்புறம் ஏன் கடைசிக் கால்வாசியை முகத்தில் முடிக்கிறேன்? நுரையின் வேலை பாதி பிளேடு வழுக்குவதற்கு, மீதிப் பாதி மயிரை ஊறவைப்பதற்கு. தண்ணீர் குடித்து உப்பிய மயிரை வெட்டக் குறைந்த பலம் போதும், அதற்கு இரண்டு மூன்று நிமிடமாவது ஈரம் வேண்டும். கிண்ணத்தில் பிரமாதமாக அடித்துவிட்டுப் பூசிய உடனே மழித்தால் அந்த நிமிடங்கள் கிடைக்காது. முகத்தில் பிரஷ்ஷைச் சுற்றிச் சுற்றித் தேய்க்கும்போது மயிர் தூக்கிக்கொண்டு நிற்கும், அடியிலும் நுரை போகும். பழைய சலூன்காரர்கள் அரட்டை அடித்துக்கொண்டே நம் கன்னத்தில் பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டே இருப்பார்களே, அது வெறும் அரட்டை இல்லை. கடைசியில் பெயிண்ட் அடிக்கிற மாதிரி நாலு இழுப்பு இழுத்துச் சமப்படுத்திவிட்டு ரேசரை எடுப்பேன். முகத்தில் பரு, கொப்புளம் இருக்கிறவர்கள் மட்டும் இந்தச் சுற்றுகிற வேலையைக் கிண்ணத்திலேயே முடித்துவிட்டு மேலாகப் பூசிக்கொள்வது நல்லது.

வெந்நீர் வேண்டாம் என்பது முழுக்க என் இஷ்டம். மேல்நாட்டுக்காரர்கள் குளிரில் வெந்நீரும் ஆவியுமாகச் செய்வதைப் பார்த்து நானும் செய்தேன். கடலோரத்தில், சித்திரை மாதத்தில், மின்விசிறி இல்லாத குளியலறையில் சூடான நுரையைப் பூசிக்கொண்டு நின்றால் வியர்வையே நுரையைக் கரைத்துவிடுகிறது. அதனால் குளித்துவிட்டு வந்த கையோடு பச்சைத்தண்ணீரில் அடிக்கிறேன். சாரல் விழும் ஆனி ஆடியில் மட்டும் பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பேன்.

பிரஷ் என்று பார்த்தால் பன்றி மயிர்தான் என்னுடையது. புதிதில் முரடாக இருக்கும், ஒரு வாடையும் அடிக்கும், பத்து இருபது தடவை பயன்படுத்திய பிறகு நுனி பிளந்து மிருதுவாகும். ஐந்து நிமிடமாவது ஊற வேண்டும். ஊறவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் செயற்கை இழை வாங்கலாம், நனைத்த உடனே வேலை செய்யும். மழைக்காலத்தில் பன்றி மயிர் காயவே காயாது, அடியில் பூசணம் வாடை வந்துவிடும், அதனால் அந்த இரண்டு மாதம் நானே செயற்கைக்கு மாறிவிடுவேன். எந்தப் பிரஷ்ஷானாலும் அலசி, உதறி, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள், குளியலறை மூலையில் அடைக்காதீர்கள்.

மாமா இப்போது என் மழைத்தண்ணீர் பாட்டிலில் இருந்து கேட்காமலே ஒரு டம்ளர் எடுத்துக்கொள்கிறார். சிரட்டைதான் ஆறேழு மாதத்தில் ஓரம் கீறிப்போகிறது. மாமி தேங்காய் துருவி முடித்ததும் நல்ல உருண்டையான பாதியாகப் பார்த்து எடுத்து, கழுவி, ஜன்னல் திண்டில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.