டி-ஷர்ட் பிரிண்ட்: எந்தத் துணிக்கு எந்த முறை?

கேள்வி: அண்ணா, வீட்டிலேயே டி-ஷர்ட் பிரிண்ட் தொடங்கலாம் என்று இருக்கிறேன். சப்ளிமேஷன் நல்லதா, டிடிஎஃப் நல்லதா?

பதில்: மெஷின் விலை கேட்பதற்கு முன்னால், எந்தத் துணியில் அடிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சப்ளிமேஷன் மை 190, 200 டிகிரி சூட்டில் ஆவியாகி பாலியஸ்டர் இழைக்குள்ளேயே போய்விடும். தடவிப் பார்த்தால் பிரிண்ட் இருப்பதே தெரியாது, உரியவும் உரியாது. ஆனால் காட்டனில் நிற்காது, துவைத்ததும் வெளுத்துவிடும். வெள்ளை மையும் கிடையாது என்பதால் கறுப்புத் துணிக்கு ஆகாது.

திருப்பூர் காட்டன் பனியன் துணிதான் உங்கள் சரக்கு என்றால் டிடிஎஃப் பக்கம் போங்கள். டிடிஎஃப் என்றால் படத்தை முதலில் ஃபிலிமில் அடித்து, சூட்டில் துணிக்கு மாற்றுவது: ஃபிலிமில் கலர், அதன்மேல் வெள்ளை, அதன்மேல் பசைப் பவுடர். எந்தக் கலர் துணியிலும் பிடிக்கும். நெஞ்சு முழுக்கப் பெரிய படம் அடித்தால் மட்டும் காற்றுப் போகாமல் வியர்க்கும். ஆரம்பத்தில் ஃபிலிமை வெளியே அடித்து வாங்கிக்கொண்டு, ஹீட் பிரஸ் (சூடாக அழுத்தி ஒட்டும் மெஷின்) மட்டும் போடுங்கள். தினமும் ஓடாத டிடிஎஃப் மெஷினில் வெள்ளை மை அடியில் தங்கி, மை தெளிக்கும் ஹெட்டை அடைத்துவிடும்.

கேள்வி: கபடி டீமுக்குச் சிவப்பு ஜெர்சியில் வெள்ளை நம்பர் ஒட்டினோம். இரண்டே நாளில் நம்பர் ரோஸ் ஆகிவிட்டது. ஸ்டிக்கர் மட்டமா?

பதில்: ஸ்டிக்கரைக் குறை சொல்லாதீர்கள். பாலியஸ்டருக்கு ஏற்றும் சாயமும் சப்ளிமேஷன் மையும் ஒரே இனம். சூடு கூடினால் துணியின் சிவப்பே ஆவியாகி வெள்ளைக்குள் ஏறிவிடும். பிரஸ்ஸிலிருந்து எடுக்கும்போது பளிச்சென்றுதான் இருக்கும், பிறகுதான் காட்டும். சிவப்பும் மெரூனும் இதில் ரொம்ப மோசம். 130 டிகிரி அளவில் ஒட்டும் வினைல் ஸ்டிக்கர், அல்லது சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். ஒரு பீஸ் ஒட்டி இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.

கேள்வி: டிடிஎஃப் ஓரத்தில் மட்டும் உரிகிறது, ஏன் சார்?

பதில்: பெரும்பாலும் அழுத்தம் போதாததுதான். ஜிப், தையல், பட்டன் பிளேட்டுக்கடியில் மாட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த இடம் வெளியே தொங்கட்டும், அல்லது உள்ளே ஒரு பேட் வையுங்கள். ஒட்டும் முன் வெறும் துணியை ஐந்து விநாடி அழுத்தி ஈரத்தை எடுங்கள். ஆறிய பின் உரிக்க வேண்டிய ஃபிலிமைச் சூட்டோடு இழுத்தாலும் இதே கதைதான்.

கேள்வி: காட்டனில் 500 பீஸ், ஒரே லோகோ, இரண்டு கலர்?

பதில்: இதற்கு ஸ்க்ரீன் பிரிண்ட்தான். ஹீட் பிரஸ்ஸில் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தால் கூலியே கட்டாது.