கண்மாயில் நின்றது வரித்தலை வாத்தா?

அன்புள்ள ஐயா,

தை மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை, மேலூர் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர்க் கண்மாயில் ஏழு பெரிய வாத்துகளைக் கண்டேன். வெள்ளைத் தலையில் கறுப்புக் குறிகள் இருந்ததால், இமயத்தைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டேன். ஒருவர் மறுக்கிறார். இவ்வகைப் பெரிய வாத்துகள் கடலோரச் சதுப்புகளில் தங்குபவை என்று ஓர் ஆங்கிலக் கையேடும் சொல்கிறது. இரண்டு படங்களை அனுப்பியுள்ளேன்.

– மேலூர் வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படத்தில் இருப்பவை செண்டு வாத்துகள். இரண்டுக்கும் வெண்தலை, பெரிய உடல் என்பதால் பலரும் குழம்பும் இடம்தான் இது. செண்டு வாத்தின் தலையில் மையைத் தெளித்தாற்போலக் கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். வரித்தலை வாத்துக்கோ, கண்ணருகே தொடங்கிப் பின்னந்தலையைச் சுற்றி மறு கண்ணருகே முடியும் பட்டை ஒன்றும், பிடரியில் அதனினும் குட்டையான பட்டை ஒன்றுமாக, இரண்டே வரிகள். ஆண் செண்டு வாத்தின் அலகின்மேல் உள்ள புடைப்பு பெட்டைக்கு இல்லாததால், பெட்டைகளைக் கண்டு ஏமாறுவது எளிது.

தொலைவில் தலை சரியாகத் தெரியாது என்பதால், அலகு, கால், முதுகு மூன்றையும் பாருங்கள். வரித்தலை வாத்தின் அலகும் காலும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு, உடல் வெளிர்சாம்பல்; செண்டு வாத்துக்கு அலகு கறுப்பு, முதுகு வெயிலில் பச்சையாக மினுங்கும் கருமை. உங்கள் இரண்டாவது படத்தில் ஒரு பறவை பட்ட கருவேல மரத்தில் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது ஒன்றே போதும். வரித்தலை வாத்து அப்படி மரத்தில் வந்து அமர்வதில்லை.

கையேடு பொய் சொல்லவில்லை, அது ஐரோப்பியக் கரைகளைப் பற்றியது. அங்கே பிரெண்ட் வாத்து, கடல் வற்றும்போது வெளிப்படும் சேற்றுவெளியில் கடற்புல்லை மேயும். நம்மிடம் வரும் வரித்தலை வாத்துக்கு நன்னீர்க் குளமும், பக்கத்தில் புல்லும் நெல்வயலும் வேண்டும். ஆகவே அதைத் தேடிக் கோடியக்கரைக்குப் போகாதீர்கள். நாங்குநேரிக்கு அருகே, 1994 முதல் சரணாலயமாக இருக்கும் கூந்தன்குளத்துக்குத் தை மாதத்தில் போங்கள்.

அங்கே விடியலில் அவை ஆட்டுக்கிடை நகர்வதுபோல மெல்ல மேய்ந்து செல்வதையும், காற்று அடங்கிய வேளையில் புல்லை அறுக்கும் ஓசையையும் கரைச்சரிவில் உட்கார்ந்தபடி அனுபவித்திருக்கிறேன். கூட்டத்தில் ஓரிரு கழுத்துகள் எப்போதும் நிமிர்ந்தே இருக்கும். மற்றவையும் மேய்ச்சலை நிறுத்தி நிமிர்ந்தால், நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள் என்று பொருள், உடனே பின்வாங்குங்கள். 7,290 மீட்டர் உயரம் வரை பறந்ததாகப் பதிவாகியுள்ள இப்பறவைகள், மங்கோலியாவுக்கும் திபெத்துக்கும் திரும்பும் பயணத்துக்கான கொழுப்பை இந்த வயல்களில்தான் சேர்க்கின்றன. படம் எடுப்பதற்காக அவற்றைக் கிளப்பிவிடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் ஏழு வாத்துகளையும் விட்டுவிடாதீர்கள். செண்டு வாத்து மரப்பொந்தில் முட்டையிடுவது. மழைக்காலத்தில் கண்மாய்க் கரையின் முதிய மரங்களைத் தள்ளி நின்று பைனாகுலரில் பாருங்கள், பொந்துக்குள் போய்வரும் பெட்டையைக் கண்டால் எனக்கு எழுதுங்கள்.