பிரேக்கரைத் திறக்கும் முன்

கேள்வி: எங்கள் 110 கேவி சப்ஸ்டேஷனில் எஸ்எஃப்6 (சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு) வாயு நிரப்பிய ஒரு பிரேக்கரைத் திறந்து, மின்சாரத்தைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டை மாற்ற வேண்டும். நச்சில்லாத வாயுதான் என்கிறார் ஒருவர். உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடியைத் தொடாதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவருமே சரி. சிலிண்டரில் வந்த வாயு வேறு, ஆர்க் (மின்சாரத்தைத் துண்டிக்கும்போது கான்டாக்டுகளுக்கு இடையே எழும் மின்வில்) பட்ட வாயு வேறு.

எஸ்எஃப்6-ஐ, கந்தகத்தை ஃபுளோரினில் எரித்து 1901-இல் பிரெஞ்சு வேதியியலாளர்கள் மொய்சானும் லெபோவும் முதலில் தயாரித்தார்கள். ஆலைகளிலும் அதே வினைதான். கூடவே சல்ஃபர் டெட்ராஃபுளோரைடும், கொடிய நஞ்சான டைசல்ஃபர் டெகாஃபுளோரைடும் உண்டாகும். பின்னதைச் சுமார் 400 டிகிரியில் சிதைத்து, மிச்சத்தைக் காரத்தில் கழுவி, உலர்த்துவார்கள். எஸ்எஃப்6-இல் ஆறு ஃபுளோரின்கள் கந்தகத்தைச் சுற்றி மறைத்திருப்பதால் தண்ணீர்கூட அதை அண்ட முடியாது. டெட்ராஃபுளோரைடுக்கு அந்தக் கவசம் இல்லை. ஈரம் பட்டதும் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கிளம்பும்.

ஆர்க்கில் மூலக்கூறு உடைகிறது. பெரும்பகுதி ஆறும்போது மறுபடி சேர்ந்துவிடும். சேராதது கான்டாக்ட் உலோகத்தோடும் ஈரத்தோடும் வினைபுரிகிறது. அந்தப் பொடி உலோக ஃபுளோரைடு. ஒட்டியிருக்கும் அமிலம் வியர்வையில் கரைந்து தோலை அரிக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் உடனே வெளியேறுங்கள். மூக்கை மீட்டராக நினைக்காதீர்கள். சுத்தமான எஸ்எஃப்6-க்கு மணமே கிடையாது. காற்றைவிட 5 மடங்கு கனம் என்பதால் கேபிள் டிரெஞ்சில் தேங்கி மூச்சடைக்க வைக்கும்.

வாயுவைக் காற்றில் விடாமல், அதை உறிஞ்சிச் சேமிக்கும் சர்வீஸ் கார்ட்டில் இழுங்கள். 1 கிலோ போனால் ஏறக்குறைய 23.5 டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். பிறகு வேக்யூம், உலர் நைட்ரஜன், மறுபடி வேக்யூம். நைட்ரஜனால் அழுத்தத்தைச் சமப்படுத்தித் திறந்ததும் ஆட்கள் விலகி, காற்றோட்டம் விட்டு, ஆக்சிஜன் மீட்டர் பார்த்த பிறகே நெருங்கலாம். அமில வாயுவையும் தூசியையும் தடுக்கும் முகக்கவசம், கண்ணாடி, நைட்ரைல் கையுறை, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் உடுப்பு கட்டாயம். பொடியை ஊதவோ துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. ஹெப்பா ஃபில்டர் வேக்யூம் கிளீனரால் உறிஞ்சுங்கள். கழிவையும், ஈரம் உறிஞ்ச உள்ளே வைத்திருந்த பழைய மாலிகுலர் சீவையும் மூடிய டப்பாவில் அடையுங்கள்.

புதிய சீவைக் கடைசியில் போட்டு உடனே வேக்யூம் இழுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: திறந்து கிடந்த சீவ் வெளி ஈரத்தைக் குடித்துவிட்டு வரும். 1 மில்லிபாருக்குக் கீழே இறக்கி, பம்பை நிறுத்திப் பாருங்கள். அழுத்தம் ஏறினால் கசிவு அல்லது ஈரம்.

நிரப்பும்போது எந்த வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தம் என்ற உற்பத்தியாளரின் அட்டவணையைப் பாருங்கள். சிலிண்டரில் மீதம் எவ்வளவு என்பதற்குத் தராசு வேண்டும். ஏனென்றால் உள்ளே வாயு திரவமாக இருக்கிறது; அது தீரும்வரை, 20 டிகிரியில் கேஜ் முள் சுமார் 20 பாரிலேயே நிற்கும்.