வாங்கும் வங்கியும் வங்குரோத்தும்

எங்கள் வாசிகசாலையில் அவ்வப்போது ஓர் ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதைப் பற்றிய கேள்விகளைத் துண்டுத்தாளில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்வது வழக்கம். இம்முறை எழுதிய சொல் ‘பாங்க்’. ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

சேர், அகராதியில் ‘பாங்க்’ என்ற சொல்லுக்கு ஆற்றங்கரை, பணம் வைக்கும் இடம், வரிசை, மேடு என்று பக்கம் முழுவதும் பொருள் இருக்கிறது. இது ஒரு சொல்லா, பல சொற்களா? (உயர்தர மாணவி, நெல்லியடி)

அகராதி செய்பவர்கள் இதைப் பெரும்பாலும் மூன்று தனிச் சொற்களாகப் பதிவார்கள், பிள்ளை. மூன்றும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாசலால் ஆங்கிலத்துக்குள் வந்தன என்பதே காரணம். வேர் மட்டும் ஒன்றுதான். பழைய ஜெர்மானிய மொழிகளில் நீளமாக, மேடாக இருப்பதைச் சுட்டிய ஒரு சொல் அது. மண்ணால் ஆன மேடு கரையாயிற்று. மரத்தால் ஆனது இருக்கையாயிற்று.

கரை என்ற பொருள் 1200ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் தெரிகிறது. வட இங்கிலாந்தில் குடியேறிய ஸ்கண்டிநேவியர் கொண்டுவந்தது அது. துடுப்பு வலிப்போர் அமர்ந்த பலகை பிரெஞ்சு வழியாக வந்தது. துடுப்புகள் வரிசையாக இருந்ததால் அந்தச் சொல் பிற்காலத்தில் மின்விளக்கு வரிசைக்கும் ஆளி வரிசைக்கும் ஆயிற்று. பணம் புழங்கும் பாங்க்தான் கடைக்குட்டி. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியிலிருந்து பிரெஞ்சைத் தொட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது.

அப்படியானால் ‘பெஞ்ச்’ என்பதும் இதே குடும்பமா? (ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கொக்குவில்)

உடன்பிறப்பு, ரீச்சர். பழைய ஆங்கிலத்தில் சொல்லின் இறுதியில் இருந்த ககரம் சகரமாகத் திரிந்து பெஞ்ச் ஆனது. ஸ்கண்டிநேவியர் வாயில் அது ககரமாகவே நின்று பாங்க் ஆனது. இங்கிலாந்தில் ‘சேர்ச்’ எனப்படும் தேவாலயம் ஸ்கொட்லாந்தில் ‘கேர்க்’ எனப்படுவதும் இதே கதைதான். உங்களுக்கு இது புதிதல்ல. கன்னடத்தில் ‘கிவி’ என்று நிற்பது தமிழில் ‘செவி’ ஆகியிருக்கிறதே! இகர எகரங்களுக்குப் பக்கத்தில் ககரம் நழுவுவது உலகமெங்கும் நடக்கிற காரியம்.

மாஸ்டர், நாங்கள் இருக்கிற வாங்குக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? இந்தியாவிலிருந்து வந்த சம்பந்திக்கு வாங்கு என்றால் விளங்கவில்லை. (கடை முதலாளி, சுன்னாகம்)

நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. வாங்கு போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் ‘பங்கோ’ என்றால் நீள இருக்கை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்து, 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுக்கும்வரை அவர்கள் இங்கே இருந்தார்கள். ஆட்சி போனாலும் வீட்டுத் தளபாடங்களின் பெயர்கள் நின்றுவிட்டன. மேசை, கதிரை, அலுமாரி, யன்னல் எல்லாம் அந்த வகை. சம்பந்தி வீட்டில் கதிரை நாற்காலியாக இருக்கும், வாங்கு பெஞ்சாக இருக்கும்.

பணத்துக்கு வருவோம். இடைக்கால இத்தாலிய நகரங்களில் காசு மாற்றுபவன் சந்தையில் ஒரு நீளப் பலகையைப் போட்டு, அதன்மேல் துணி விரித்து, சிறு தராசும் நாணயக் குவியலும் கணக்கேடுமாக அமர்ந்திருப்பான். வெளியூர் வணிகன் கொண்டுவந்த காசை நிறுத்துப் பார்த்து உள்ளூர்க் காசாக மாற்றிக் கொடுப்பான். அந்தப் பலகைதான் ‘பங்கா’ அல்லது ‘பங்கோ’. பலகையின் பெயர் தொழிலுக்கு ஆகி, தொழிலின் பெயர் கட்டடத்துக்கு ஆனது. மெடிச்சி குடும்பத்தார் புளோரன்சில் 1397இல் தொடங்கியதும், ஜெனோவாவில் 1407இல் எழுந்த புனித ஜோர்ஜ் வங்கியும், 1694இல் நிறுவிய இங்கிலாந்து வங்கியும் அந்தப் பலகையின் வாரிசுகள்தாம். ஜெர்மன் மொழியில் இன்றும் வாங்குக்கும் வங்கிக்கும் ஒருமையில் ஒரே சொல். பன்மையில் மட்டும் பிரிகின்றன.

ஆகவே சிட்டையை நிரப்பிவிட்டு வங்கியில் வாங்கில் காத்திருக்கிறீர்களே, அங்கே ஒரே சொல்லின் இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறீர்கள். முன்னது ஆங்கிலேயர் வழி வந்தது, பின்னது போர்த்துக்கேயர் வழி வந்தது.

பகரத்தில் தொடங்கும் சொல் தமிழில் வகரமானது ஏன்? (அதே மாணவி)

‘பாங்க்’கின் தொடக்கத்தில் ஒலிக்கும் அதிர்வொலி, அதாவது ஆங்கிலத்தின் b, தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ஒன்று பகரமாக எழுத வேண்டும், அல்லது இதழ் சற்றுத் தளர்ந்த வகரமாக்க வேண்டும். போர்த்துக்கேயரின் ‘பிஸ்கோய்தோ’ நம் அப்பாச்சிமார் வாயில் விசுக்கோத்து ஆனதும் இப்படித்தான்.

அலவாங்கு? (தோட்டக்காரர், உரும்பிராய்)

அதில் வாங்கு இல்லை, அண்ணை. அலவாங்கும் போர்த்துக்கேயச் சொல்தான். ஆனால் நெம்புகோலைக் குறிக்கும் ‘அலவங்கா’ என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. ஓசை ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு வேர் தோண்டினால் கல்லில்தான் இடிக்கும்.

2022இல் பத்திரிகையைத் திறந்தால் ‘வங்குரோத்து நாடு’ என்றே இருந்தது. இது என்ன மொழி? (பெயர் எழுதவில்லை)

அந்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்த பிறகு இந்தச் சொல் எல்லோர் வாயிலும் வந்தது. தமிழ்நாட்டில் இதைக் கேட்க முடியாது, அங்கே திவால் என்பார்கள். நம் வங்குரோத்து, போர்த்துக்கேய ‘பங்கரோட்டா’, ஒல்லாந்த ‘பங்க்ரூட்’ ஆகியவற்றின் இனம். சிங்களத்தில் ‘பங்கொலொத்’. எல்லாவற்றுக்கும் தாய் இத்தாலியின் ‘பங்கா ரொட்டா’, அதாவது முறிந்த பலகை. ஆங்கிலேயர் அதன் பின்பாதியை இலத்தீன் போலத் திருத்தி ‘பாங்க்ரப்ட்’ என்று ஆக்கிக்கொண்டார்கள்.

கடனைக் கொடுக்க முடியாத காசுமாற்றியின் பலகையைச் சந்தையில் எல்லோர் முன்னிலையிலும் கோடரியால் பிளந்தார்கள் என்று ஒரு கதை எங்கும் உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ‘வியாபாரம் முறிந்தது’ என்று நாமும்தான் சொல்கிறோம், அதற்காக யாரும் கோடரி தூக்குவதில்லை.

இலங்கைக்கு வங்கி முறிவு புதிதல்ல. கோப்பிப் பயிர் நோயில் அழிந்தபின் 1884இல் ஓரியன்டல் வங்கி கதவை மூடியது. அதன் நோட்டுகளே அன்று இலங்கையில் பெருமளவில் புழங்கியவை. தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்திராவிட்டால், பெட்டியில் வைத்திருந்தவர்களுக்குக் கடதாசிதான் மிஞ்சியிருக்கும்.

கடல் வரைபடத்தில் பருத்தித்துறைக்கு அப்பால் ‘பீட்ரோ பாங்க்’ என்று போட்டிருக்கிறது. கடலுக்குள் ஏது கரை? யார் அந்தப் பீட்ரோ? (கடற்றொழிலாளர், பருத்தித்துறை)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: பீட்ரோ என்று ஒருவரும் இல்லை. உங்கள் ஊர் முனையைப் போர்த்துக்கேயர் ‘கற்களின் முனை’ என்று பொருள்படத் தங்கள் மொழியில் சொன்னார்கள். அவர்களின் ‘பெத்ராஸ்’, கல், ஆங்கிலேயர் கையில் பீட்டர் என்ற ஆளின் பெயர்போல் ஆகிவிட்டது.

கடலடி நிலம் சுற்றுப்புறத்தைவிட உயர்ந்து, மேலே தண்ணீர் ஆழம் குறைந்திருக்கும் இடத்தை மாலுமிகள் பாங்க் என்பார்கள். கரை என்ற பொருளுக்கும் முந்திய ‘மேடு’ என்ற பொருள் அங்கேதான் உயிரோடு இருக்கிறது. ஆழம் குறைந்தால் வெயில் அடிவரை இறங்கும், பாசியும் சிற்றுயிரும் பெருகும், மீன் சேரும். மேட்டின் அருமை அரசுகளுக்கும் தெரியும். கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள ‘வெட்ஜ் பாங்க்’கில் இலங்கை இழுவைப் படகுகள் மீன்பிடித்து வந்தன. இரு நாடுகளும் செய்த 1976 உடன்படிக்கையோடு அது இந்தியாவுக்கு என்றாயிற்று.

இதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கும்போது ‘பாங்க்’ எதற்கு? மன்னார்க் கடலின் முத்துச்சிப்பி மேடுகளை ஆங்கிலேயர் ‘பேர்ல் பாங்க்’ என்று எழுதினார்கள். முத்துக் குளிக்கப் போனவர்கள் ‘பார்’ என்றார்கள். கடலுயிர் ஆய்வாளர் ஹேர்ட்மன் 1903 முதல் 1906 வரை வெளியிட்ட முத்துக்குளிப்பு அறிக்கையிலேயே பெரிய பார், செவல் பார் என்ற தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் நிற்கின்றன. துரைமாருக்கே அந்தப் பெயர்கள் தேவைப்பட்டன.

பள்ளிவாசலில் சொல்லும் பாங்கும் இந்தக் குடும்பமா, ஐயா? (சோனகத் தெரு)

இல்லை, தம்பி. அது பாரசீகச் சொல். குரல், கூவி அழைத்தல் என்று பொருள். தொழுகைக்கு அழைக்கும் குரலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. ‘பாங்கான பிள்ளை’ என்று சொல்கிறோமே, அந்தப் பாங்கு முழுத் தமிழ். சங்கப் பாடல்களில் தலைவனுக்குத் தோழனாக வரும் பாங்கன் அதன் உறவு. மூன்றும் மூன்று வழி.

கொழும்பு பாங்ஷால் வீதியில் முன்பு வங்கிகள் இருந்தனவா? (கொழும்பில் வேலை செய்யும் இளைஞர்)

பெயருக்கும் வங்கிக்கும் தொடர்பில்லை. துறைமுகப் பண்டசாலையைக் கீழைக்கடல் வணிகர்கள் ‘பாங்சால்’ என்றார்கள். அதில் வரும் ‘சால்’ நம் சாலைதான்.

‘ஃபயர்’ என்பதோடும் பாங்க் வருகிறதே? (இல்லத்தரசி, அளவெட்டி)

விறகடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, அக்கா. இரவுச் சமையல் முடிந்ததும் தணலை அடுப்பின் பின்பக்கம் ஒதுக்கி, மேலே சாம்பலை அள்ளிக் குவித்து மூடிவிடுவீர்கள். விடிய எழும்பிச் சாம்பலைக் கிளறி, நான்கு சிரட்டைத் துண்டு போட்டு ஊதினால் நெருப்பு எழும்பிவிடும். அப்படி மேடாகக் குவித்து மூடுவதுதான் ஆங்கிலத்தில் நெருப்பை ‘பாங்க்’ பண்ணுவது. நீறு பூத்த நெருப்பு என்ற நம் தொடருக்கு இதைவிடக் கிட்டிய ஆங்கிலம் இல்லை. பலர் இதைப் ‘பணம்போல் சேமித்து வைத்தல்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அந்தப் புத்தகங்களை அடுப்பில் போடலாம்.

இரத்த வங்கி? (தாதியர் பயிற்சி மாணவி)

1937இல் சிக்காகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் பேர்னார்ட் ஃபன்டஸ் என்ற மருத்துவர் இட்ட பெயர். வைப்புச் செய்யாமல் பணம் எடுக்க முடியாது, இரத்தமும் அப்படித்தான் என்பது அவர் விளக்கம். கண் வங்கி, விதை வங்கி எல்லாம் இந்த வழியில் வந்தவை.

பலாலியில் இறங்க வரும் விமானம் சரிந்து திரும்புவதையும் பாங்க் என்கிறார்களே? (பத்தாம் வகுப்பு மாணவன்)

மேட்டின் சரிவிலிருந்து வந்தது. விமானம் வந்த பிறகு பிறந்த பொருள்.

நாட்காட்டியில் சில விடுமுறைகளுக்குப் பக்கத்தில் ‘வங்கி விடுமுறை’ என்று தனியாகப் போடுவது ஏன்? (வாசிகசாலை உறுப்பினர்)

1871இல் இங்கிலாந்தில் வந்த சட்டம் இதற்கு வழிகாட்டி. அதைக் கொண்டுவந்த ஜோன் லபொக் தானே ஒரு வங்கியாளர். எறும்பையும் தேனீயையும் ஆராய்ந்து புத்தகம் எழுதிய மனிதரும்கூட. வங்கி மூடியிருக்கும் நாளில் தவணை முடியும் கடன்பத்திரத்துக்கு மறுநாள் பணம் கட்டினால் போதும் என்பது அதன் சாரம். மற்றக் கடைகளும் அந்த நாட்களில் மூடத் தொடங்கியதால் எல்லோருக்கும் விடுமுறையாயிற்று.

இலங்கையில் அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வர்த்தக விடுமுறை என்று மூன்று வகை. தைப்பொங்கல் மூன்றிலும் உண்டு. தீபாவளியும் சிவராத்திரியும் வர்த்தக விடுமுறையில் இல்லை, இது எனக்குப் பெரிய மனக்குறை. கொழும்பில் தனியார் நிறுவனங்களில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊருக்கு வர லீவு கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. அன்று கடை திறந்திருக்கும், வங்கி பூட்டியிருக்கும். காசோலை மாற்ற வேண்டியவர்கள் முதல் நாளே போய்விடுங்கள்.