கழிமுகத்து ஆற்றோரத்தில் ஓர் இரவு: கூடாரம் எங்கே, விறகு எது?

கேள்வி: நாங்கள் ராமநாதபுரத்தில் வசிக்கிறோம். அமெரிக்காவில் ஓக் மரக்காட்டுக்குள், ஆற்றங்கரையில் குடும்பத்தோடு கூடாரமடித்துத் தங்கும் காணொளிகளைப் பார்த்து, 7 வயது மகனுக்கும் 11 வயது மகளுக்கும் அதே ஆசை வந்துவிட்டது. தொண்டிக்குத் தெற்கே, கோட்டக்கரையாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில் என் மைத்துனருக்கு ஆற்றை ஒட்டிப் பட்டா நிலமும் தென்னந்தோப்பும் உள்ளன. எதிர்க்கரையில் அலையாத்திக் காடு. அங்கே ஓர் இரவு தங்கலாமா? எந்த மாதம் ஏற்றது? கூடாரத்தை எங்கே அடிப்பது? காட்டில் கிடக்கும் விறகைப் பொறுக்கி நெருப்பு மூட்டலாமா?

பதில்: தாராளமாகத் தங்கலாம். பிள்ளைகள் கேட்டது நல்ல ஆசை. அதை நிறைவேற்ற நினைக்கும் உங்களுக்கு என் பாராட்டு. ஆனால் நீங்கள் பார்த்த காணொளிகளில் கண்ணுக்குத் தெரியாத ஓர் உழைப்பு இருக்கிறது. அங்கே முகாம் திடல் என்பது, நீர் எவ்வளவு உயரம் ஏறும், எந்த மரம் பட்டுப்போயிருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து, தரையைச் சமன்படுத்தி, நெருப்புக்கு இரும்பு வளையம் பதித்து, குழாயும் கழிப்பறையும் கட்டி, எண் போட்டு ஒப்படைக்கப்படும் இடம். வருபவர் கூடாரத்தை விரித்தால் போதும். நம் கழிமுகத்தில் அந்த வேலை முழுவதும் உங்கள் பொறுப்பு. அதிலும் இடம் தேர்ந்தெடுப்பதே முக்கால் பங்கு வேலை என்பதால், அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

உங்கள் ஆறு கடலோடு சேர்ந்து மூச்சுவிடும் ஆறு. ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்களுக்கு ஒருமுறை கடல் ஏறும். நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம். பாக் விரிகுடாவில் இந்த ஏற்றத்தாழ்வு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நம் கரை தட்டையானது என்பதை மறந்துவிடக் கூடாது. செங்குத்தான கரையில் அரை மீட்டர் நீர் ஏறினால் யாருக்கும் தெரியாது. கழிமுகத்துச் சமவெளியில் அதே அரை மீட்டர், மாலையில் உலர்ந்து கிடந்த தரையின் நெடுந்தொலைவை நடுராத்திரியில் நனைத்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் கூடுதலாகவும், அஷ்டமியை ஒட்டிய நாட்களில் குறைவாகவும் இருக்கும். நிலா வெளிச்சத்துக்காகப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். முதல் தடவைக்கு அது வேண்டாம். நாள்காட்டியைப் பார்த்து அஷ்டமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று வலுத்து வீசினால் விரிகுடா நீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

நீர் எதுவரை வரும் என்பதைத் தரையே சொல்லிவிடும். உமரிச் செடி படர்ந்திருக்கும் இடமெல்லாம் உப்புநீர் வந்து போகும் இடம். தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலும், நண்டு வளைகள் நெருக்கமாகத் தெரிந்தாலும் அப்படித்தான். காய்ந்த கடற்புல்லும் சிப்பியும் குச்சியும் ஒரே வரியாக ஒதுங்கிக் கிடந்தால், அது சமீபத்திய ஏற்றத்தின் எல்லை. அதற்கும் மேலே, மெல்லிய தூளாகச் சிதைந்துபோன இன்னொரு வரி பெரும்பாலும் இருக்கும். அது பெரிய ஏற்றமோ புயலோ விட்டுச்சென்ற எல்லை. முதல் வரியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இரண்டாவது வரிக்கும் மேலேதான் உங்கள் இடம் தொடங்குகிறது. பனையும் உடைமரமும் சாதாரணப் புல்லும் வளர்ந்துள்ள மேட்டுத்தரை பொதுவாக உப்புநீர் எட்டாத தரை. தங்கப் போகும் நாளுக்கு முன்பே ஒருநாள், ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சென்று, நீர் நிற்கும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு வாருங்கள்.

கடல் மட்டுமல்ல, மேற்கிலிருந்தும் நீர் வரும். இந்த ஆற்றுக்கு மேலே இருப்பவை கண்மாய்கள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயர் பெற்ற ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் கண்மாய்கள் நிரம்பி மறுகால் பாயும்போது, உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும் ஆறு உயரும். அந்த நேரத்தில் கடலும் ஏறுமானால் வெள்ளம் வடிய வழியில்லாமல் கரையில் பரவும். ஆகவே ஆற்றின் நடுவே உள்ள மணல்திட்டு எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் அதில் கூடாரம் அடிக்கக் கூடாது.

தரையைப் பார்த்த பிறகு அண்ணாந்து பாருங்கள். தென்னைக்கு அடியில் கூடாரம் வேண்டாம். காயும் மட்டையும் காற்றில்லாத இரவில்கூட விழும். பனைக்கும் அதே விதி. அமெரிக்க மரக்காடுகளிலும் முகாமிடுபவர்கள் முதலில் பார்ப்பது தலைக்கு மேல் பட்டுத் தொங்கும் கிளைகளைத்தான். தோப்பின் ஓரத்தில், மிக அருகிலுள்ள தென்னை அப்படியே சாய்ந்தாலும் எட்டாத தொலைவில், மரவரிசை காற்றை மட்டும் தடுக்கும்படியான வெட்டவெளியே உகந்தது. சீமைக்கருவேலம் நிற்கும் பக்கம் ஒதுங்கவே வேண்டாம். உதிர்ந்த முள் கூடாரத்தின் தரைத்துணியையும் ரப்பர் செருப்பையும் துளைத்துக் காலில் ஏறிவிடும். எந்த இடமானாலும் துடைப்பத்தால் பெருக்கி, உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டுப் படுதாவை விரியுங்கள்.

கூடாரத்தோடு தரும் ஆணிகள் நம் மணலில் நிற்கா; ஒருமுறை காற்று அடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இதற்கு எளிய வழி உண்டு. பழைய சாக்குகளில் பாதியளவு மணலை நிரப்பி வாயைக் கட்டி, கழுத்தில் கயிற்றை முடிந்து, ஒன்றரை அடி ஆழக் குழியில் படுக்கவைத்து, கயிறு கூடாரத்தை நோக்கிச் சாய்வாக வெளிவரும்படி மணலைத் தள்ளி மிதித்துவிடுங்கள். மேலிருக்கும் மணலின் எடையே சாக்கைப் பிடித்துக்கொள்ளும். நான்கு மூலைக்கு நான்கு சாக்கு, காற்று வரும் பக்கத்துக்குக் கூடுதலாக இரண்டு. பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடித்த வேலையாக இருக்கும்; அவர்களையே செய்ய விடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை: தை பிற்பாதியிலிருந்து மாசி முடிய. நம் கடற்கரைக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையும் இந்தப் பருவத்தில் வந்தவையே. சித்திரைக்கு மேல் வெக்கை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். தை, மாசியில் பனி இறங்கும் என்பதால், கூடாரத்தின் மேல்துணியை உள்துணியோடு ஒட்டாமல் இழுத்துக் கட்டி, காற்றுவழியைச் சிறிது திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் விடியற்காலையில் உங்கள் மூச்சுக்காற்றின் ஈரமே சொட்டத் தொடங்கும்.

இனி விறகு. எதிர்க்கரையிலுள்ள அலையாத்திக் காட்டிலிருந்து ஒரு சுள்ளிகூட எடுக்கக் கூடாது. அரசு காப்புக்காடாக ஒதுக்கிய காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும், விறகு எடுப்பதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், சேற்றில் விழுந்து மட்கும் அந்தக் குச்சிகளில்தான் நண்டும் இறாலும் குஞ்சுமீனும் இரை தேடுகின்றன, அந்த ஊர் மீனவரின் வலையில் விழுபவையும் அவைதான். பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்ட விரும்பினால், அருகிலுள்ள காரங்காடு கிராமத்தில் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரிக்குப் பகலில் அழைத்துச் செல்லுங்கள். சேற்றிலிருந்து விரல்களைப் போல நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களைப் படகிலிருந்தபடியே மிக அருகில் பார்க்கலாம்.

தமிழகக் கழிமுகங்களில் தில்லை என்றொரு மரம் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். புகையும் கண்ணை எரிக்கும். தோப்பு வேலியில் அரளி இருந்தால் அதன் குச்சியையும் அடுப்பில் வைக்கக் கூடாது, அதில் கம்பி செய்து கறி சுடவும் கூடாது. முழு மரமும் நஞ்சு. கரையில் ஒதுங்கிய உடைந்த படகுப் பலகையில் வண்ணமும் பிசினும் இருக்கும். அந்தப் புகையில் சமைத்ததை உண்ணக் கூடாது. உப்பில் ஊறிய கட்டையும் அப்படியே.

விறகுக் கடையில் காய்ந்த சீமைக்கருவேலம் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்கக் காணொளிகளில் ஓக், ஹிக்கரி போன்ற கெட்டி மரங்களை விரும்பி எரிப்பதன் காரணம், அவை மெதுவாக எரிந்து நெடுநேரம் தணலாக நிற்பதுதான். அந்தக் குணம் சீமைக்கருவேலத்துக்கும் உண்டு. நம் மாவட்டத்தில் கரிமூட்டம் போடுவதும் அதனால்தான். பற்றவைக்கப் பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும் போதும், மண்ணெண்ணெய் தேவைப்படாது. அமெரிக்காவிலும் விறகுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதப் பச்சை வண்டு 2002இல் மிச்சிகன் மாநிலத்தில் கண்டறியப்பட்ட பிறகு, விறகோடு சேர்ந்தே அது ஊர் ஊராகப் பரவுவது தெரிந்து, வெளியிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள் என்று பல முகாம்களில் கேட்டுக்கொள்கிறார்கள்.

நெருப்பை, கூடாரத்திலிருந்து பதினைந்து அடிக்குக் குறையாமல், காற்று கூடாரத்திலிருந்து நெருப்பை நோக்கி வீசும் திசையில் அமையுங்கள். தென்னை ஓலை உதிர்ந்து கிடக்கும் தரையில் வேண்டாம். அணைக்கும்போது பலர் மணலைப் போட்டு மூடுகிறார்கள். கடற்கரையில் நான் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்வது இதைத்தான். மணல் தணலை அணைக்காது, மறைத்து வைக்கும். பல மணி நேரத்துக்குப் பிறகும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் இடத்தில், ஒன்றும் தெரியாமல் குழந்தை வெறுங்காலை வைக்கும். ஆற்றுநீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் வைத்துச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே படுக்கச் செல்லுங்கள். குளிருக்காகவோ கொசுவுக்காகவோ தணல் சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. கரித்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

பாம்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரின் படுக்கைக்குள் வந்து கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாததால், வயிற்றுவலியும் கண்ணிமை சரிவதும் தொடங்கும் வரை பலர் கவனிப்பதில்லை. மணற்பாங்கான முட்காட்டில் சுருட்டைவிரியனும் உண்டு. ஆகவே தரைத்துணியும் சுவரும் சேர்த்துத் தைக்கப்பட்ட கூடாரமே வேண்டும். ஜிப் எப்போதும் மூடியிருக்க வேண்டும். செருப்பை உள்ளே வைத்து, போடும் முன் உதற வேண்டும். இரவில் எழுந்தால் டார்ச்சோடுதான் நடக்க வேண்டும். கடிபட்டுவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கடித்த பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குடிநீரை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர். உப்புநீரைக் கொதிக்க வைத்தாலும் உப்புப் போகாது. கழிப்பறைக்கு மைத்துனர் வீடோ தோப்பு மனையோ அருகில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

பிள்ளைகள் ஆற்றில் இறங்கக் கேட்பார்கள். கடல் வற்றும் நேரத்தில் முகத்துவாரத்து நீரோட்டம் வெளிநோக்கி இழுக்கும். சேற்றில் முழங்கால் வரை கால் புதையும். ஆழமற்ற நீரில் திருக்கை மணலுக்குள் படுத்திருக்கும். உள்ளூர்க்காரர் ஒருவர் இடம் காட்டி உடன் நிற்காமல் இறங்க விடாதீர்கள்.

இன்னொன்று நம் கடற்கரைக்கே உரியது. இலங்கை அருகில் இருப்பதால் இரவில் கரையில் தெரியும் புதிய வெளிச்சமும் புதிய ஆட்களும் கவனிக்கப்படுவார்கள். ஊர்த் தலைவரிடமும் அருகிலுள்ள கடலோரக் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே உங்கள் பெயர், வண்டி எண், நிலத்தின் உரிமையாளர் விவரம் ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் டார்ச்சைக் கடலை நோக்கி அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் நடக்கப் போனால் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். 'பங்குனி ஆமை' எனப்படும் கடலாமை முட்டையிட வரும் காலம் தை, மாசி; வெளிச்சம் ஆமைகளைத் திசை திருப்பிவிடும்.

பிற்பகல் மூன்று மணிக்குள் இடத்தை அடைந்து, வெளிச்சம் இருக்கும்போதே கூடாரத்தைக் கட்டி, சமைத்து முடித்துவிடுங்கள். காரை ஊர்ப்பக்கம் திருப்பி நிறுத்தி, சாவியை எல்லாருக்கும் தெரிந்த ஓரிடத்தில் வையுங்கள். இரவில் காற்று திடீரென்று வலுத்தாலோ, நீர் நீங்கள் நட்ட குச்சியைத் தாண்டினாலோ, கூடாரத்தைக் கழற்ற முயலாமல் பிள்ளைகளை மட்டும் அழைத்துக்கொண்டு மைத்துனர் வீட்டுக்குச் சென்றுவிடுங்கள். மற்றதையெல்லாம் விடிந்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.