27 கோல் அடித்தவரா, கிண்ணம் எடுத்தவரா?

கேள்வி: அண்ணன், நாங்கள் களுவாஞ்சிக்குடிப் பக்கத்து நண்பர்கள் 14 பேர். ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது நான்கு பேர் கட்டாரில். ஃபுட்போல் மனேஜர் விளையாட்டில் ஆளுக்கு ஓர் அணி வைத்து லீக் நடத்துகிறோம். வீரர்களை வாங்குவதும் அணியைத் தெரிவுசெய்வதும் மட்டும்தான் எங்கள் வேலை, ஆட்டத்தைக் கணினியே ஆடி முடித்துவிடும். இந்தப் பருவம் முடிந்ததும் ‘சிறந்த வீரர்’ விருதுக்கு ஆளுக்கொரு வாக்குப் போட்டோம். ஆறாம் இடம் வந்த அணியின் முன்கள வீரர் 27 கோல் அடித்திருந்தார். சம்பியன் அணியின் மத்திய கள வீரருக்கு 7 கோல், அதோடு 15 கோலுக்குப் பந்து கொடுத்திருந்தார். 5 வாக்கு எடுத்து முன்களக்காரர் வென்றார், மற்றவருக்கு 4. அன்றிலிருந்து குழுவில் இரண்டு பேர் பேசுவதில்லை. எதிர்வுகூறல் போட்டியிலும் சண்டை. கோல் கணக்கைச் சரியாகச் சொன்னால் 5 புள்ளி, வென்ற அணியை மட்டும் சொன்னால் 2. அதில் லீக்கை நடத்துபவரே முதலிடம் வந்துவிட்டார். இரண்டையும் எப்படி நியாயமாக நடத்துவது?

பதில்: தம்பி, நீங்கள் கடைசியாகச் சொன்னதை முதலில் எடுக்கிறேன், அதுதான் லேசானது. லீக்கை நடத்துபவரின் கணினியில்தான் விளையாட்டின் சேமிப்புக் கோப்பு இருக்கிறது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் வேகம், பாஸ், தலையால் அடிப்பது என்று 1 முதல் 20 வரை எண்கள் உண்டு, அவை எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குப் பின்னால் ஒளித்து வைத்த எண்களும் உண்டு: ஒரே சீராக ஆடுவாரா, பெரிய ஆட்டத்தில் கால் நடுங்குமா, மொத்தத் திறமை 200க்கு எவ்வளவு. கோப்பைத் திருத்தும் எடிட்டரைத் திறந்தால் அத்தனையும் கண்முன்னே வந்துவிடும். அவர் திறந்து பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பரீட்சைத் தாள் அச்சடிக்கிற வீட்டுப் பிள்ளை முதலாம் பிள்ளையாக வந்தால் ஊர் என்ன கதைக்கும் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த பருவத்தில் அவர் விருதுக்கு வாக்களிக்கட்டும், எதிர்வுகூறலில் மட்டும் சேர வேண்டாம்.

இனி பெரிய சங்கதி. விருது நடந்து முடிந்ததற்குக் கொடுப்பது. எதிர்வுகூறல் நடக்கக்கூடியதைக் கணிப்பது. உங்கள் குழு இரண்டையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கிறது. ‘அவன் 27 அடித்தது அதிர்ஷ்டம், ஆகவே விருது இல்லை’ என்று ஒருவர் சொல்லியிருப்பார். ‘27 அடித்தவன் அடுத்த முறையும் 27 அடிப்பான்’ என்று இன்னொருவர் எழுதியிருப்பார். இரண்டு பேருமே பிழை.

ஏன் என்று ஒரு பின்னேரம் இருந்து பார்த்தால் விளங்கும். பழைய சேமிப்புக் கோப்பொன்றை எடுத்து, ஒரே ஆட்டத்தைப் பத்துத் தரம் ஓடவிடுங்கள். அதே அணி, அதே வீரர்கள், அதே உத்தி. முடிவுகளை ஒரு கொப்பித் தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு தரம் 3–0 வரும், ஒரு தரம் 1–1 வரும், ஒரு தரம் தோற்றே போவீர்கள். திறமை கோப்புக்குள் எண்ணாக அசையாமல் இருக்கிறது, அதன் மேல் கணினி பகடை உருட்டுகிறது. மைதானத்தில் ஆடும் உண்மையான உதைபந்தாட்டத்திலும் இதுதான் கதை. ஆனால் அங்கே போன சனிக்கிழமையை மறுபடி ஓடவிட்டுப் பார்க்க முடியாது. கணினி லீக்கின் வசதியே இதுதான். எவரும் அதைப் பயன்படுத்துவதில்லை.

அந்தப் பகடை எவ்வளவு ஆட்டும்? கோலைப் போல இடைக்கிடை விழுகிற விடயங்களுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பருவத்துக்குச் சராசரியாக இத்தனை கோல் அடிக்கக்கூடியவர் என்றால், அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு மேலேயும் கீழேயும் போவது சாதாரணம். உங்கள் முன்களக்காரரின் உண்மையான தரம் 22 கோல் என்று வையுங்கள். 22இன் வர்க்கமூலம் 4.7. ஆகவே மூன்று பருவத்தில் ஏறத்தாழ இரண்டில் அவர் 17க்கும் 27க்கும் இடையில் எங்காவது நிற்பார். எண்ணில் ஒன்றும் மாறாமலே ஒரு வருடம் 18, மறு வருடம் 27. இரண்டாவது வருடத்தில் ‘என்ன முன்னேற்றம்!’ என்று குழுவில் நெருப்பு எமோஜி பறக்கும்.

அதற்காக அந்த 27ஐக் கழித்துவிட வேண்டாம். பகடையில் விழுந்த கோலும் புள்ளிப் பட்டியலில் ஏறிய கோல்தான், விருது அதற்குத்தான். ஒன்றை மட்டும் பாருங்கள்: அதில் பெனால்டி எத்தனை? பெனால்டியில் நான்குக்கு மூன்று சாதாரணமாகவே கோலாகும், அடிப்பவர் யாரென்பதைத் தீர்மானிப்பது அணியை நடத்துபவர். 27இல் 8 பெனால்டி என்றால் வாதத்தின் பாரம் குறையும். விளையாட்டே போடுகிற சராசரி மதிப்பெண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்லவும் வேண்டாம். கோல் அடித்தால் அந்த எண் ஏறிவிடும். பின்களத்தில் 90 நிமிடமும் ஓட்டையை அடைத்து நின்றவருக்கு அவ்வளவு ஏறாது.

அப்புறம் ‘சிறந்த’ என்ற சொல். உங்கள் சண்டையில் முக்கால்வாசி அதற்குள்தான் இருக்கிறது. அதிக கோலா, சம்பியன் அணியின் தூணா, அல்லது அவர் இல்லாவிட்டால் அணியே கவிழ்ந்திருக்குமா? உலகத்துப் பெரிய விருதுகளும் இதில் தடுமாறியவைதான். 2010 உலகக் கிண்ணத்தில் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து, நான்காம் இடம் வந்த உருகுவேயின் டியேகோ ஃபோர்லானுக்குப் போனது. அதே கிண்ணத்தில் நான்கு பேர் தலா 5 கோல் அடித்திருந்தார்கள், ஃபோர்லானும் அதில் ஒருவர். ஆனால் அதிக கோலுக்கான தங்கக் காலணி ஜெர்மனியின் தோமஸ் முல்லருக்கு, 3 கோலுக்கு உதவியிருந்ததால். 2022இல் எம்பாப்பே 8 கோல் அடித்துக் காலணியை எடுத்தார், 7 அடித்த மெஸ்ஸி பந்தை எடுத்தார். கேள்வி இரண்டு, பரிசும் இரண்டு. உங்களிடம் கேள்வி இரண்டு இருக்கிறது, பரிசு ஒன்றுதான். அதிக கோலுக்கு வாக்கே தேவையில்லாத தனி விருது வையுங்கள். சமமாக வந்தால் என்ன செய்வது என்று பருவம் தொடங்க முன்னரே எழுதிவிடுங்கள். முல்லருக்குப் போல உதவிக் கணக்கைப் பார்க்கலாம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2018–19இல் சலா, மனே, ஒபமெயாங் மூவரும் தலா 22 அடித்து விருதைப் பங்குபோட்டது போல, சமமாக வந்த எல்லோருக்கும் கொடுத்துவிடவும் செய்யலாம். பந்துக்காப்பாளருக்கும் தனி விருது வேண்டும். ஆண்டின் சிறந்த வீரருக்கான பலோன் டோர் விருதை 1956இலிருந்து கொடுக்கிறார்கள், ஆண்களில் அதை எடுத்த ஒரே பந்துக்காப்பாளர் 1963இல் லெவ் யாஷின். பொது வாக்கில் கோல் காப்பவருக்கு நீதி கிடைக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

வாக்கு முறைக்கு வருவோம். சொந்த அணி வீரருக்கு வாக்கில்லை என்பது முதல் விதி. ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து போட்டிபோடும் கொம்பு முறிக்கும் காலத்தில் வடசேரிக்காரரிடம் போய்த் தென்சேரிக் கொம்பு எப்படி என்று கேட்டால் வசைப்பாட்டுத்தான் கிடைக்கும். நம் ஆட்கள் அந்த வழி வந்தவர்கள், கணினி முன்னால் உட்கார்ந்ததும் மாறிவிட மாட்டார்கள். அடுத்தது, ஆளுக்கொரு பெயர் என்பதை விட்டுவிட்டு மூன்று பெயர்களை வரிசையாகக் கேளுங்கள். முதலிடத்துக்கு 5, இரண்டாவதுக்கு 3, மூன்றாவதுக்கு 1.

உங்கள் லீக்கையே எடுப்போம். முன்களக்காரரை 5 பேர் முதலிடத்தில் வைத்தார்கள். ஒருவர் இரண்டாமிடத்திலும் இரண்டு பேர் மூன்றாமிடத்திலும் வைத்தார்கள் என்று கொள்வோம். 25, 3, 2. மொத்தம் 30. மத்திய களக்காரருக்கு 4 முதலிடம், 7 இரண்டாமிடம், 2 மூன்றாமிடம் என்றால் 20, 21, 2. மொத்தம் 43. ஆளுக்கொரு வாக்கில் தோற்றவர் இங்கே தூரத்தில் நின்று வெல்கிறார். 14 பேரில் 13 பேர் தாளில் அவர் பெயர் எங்கோ இருக்கிறது, மற்றவர் பெயர் 8 தாளில்தான். எது குழுவின் மனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

வரிசை முறையிலும் ஓட்டை உண்டு. 2024 பலோன் டோரில் ரொட்ரி 1170 புள்ளி, வினிசியஸ் 1129. நடுவர்கள் பத்துப் பெயரை வரிசைப்படுத்தினார்கள், முதலிடத்துக்கு 15 புள்ளி. வினிசியஸின் ரியல் மட்ரிட் அணியிலிருந்தே பெல்லிங்கமும் கர்வகாலும் மூன்றாம், நான்காம் இடங்களுக்கு வந்தார்கள். அவர்கள் வாக்குகளைப் பிரித்ததால் வினிசியஸுக்குப் புள்ளி குறைந்தது என்று விருதை நடத்திய சஞ்சிகையின் ஆசிரியரே சொன்னார். பலமான அணியில் மூன்று பேர் நன்றாக ஆடினால் மூவரும் ஒருவர் காலை ஒருவர் இழுப்பார்கள். இன்னொரு ஓட்டை, எதிராளியைத் தாளிலிருந்தே வேண்டுமென்று விட்டுவிடுவது. அதற்கு மருந்து சுலபம்: முடிவு அறிவித்த பிறகு யார் யாருக்குப் போட்டார் என்று முழுத் தாளையும் குழுவில் போடுங்கள். ஃபிஃபாவின் சிறந்த வீரர் விருதில் ஒவ்வொரு நாட்டு அணித்தலைவரும் யாருக்குப் போட்டார் என்று வெளியிடுகிறார்கள். வெட்கத்துக்காவது நேர்மை வரும்.

வாக்கெடுப்பைக் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு வையுங்கள். இது எனக்குச் சுட்ட பாடம். பல வருடத்துக்கு முன்னர் எங்கள் பக்கத்து மைதானம் ஒன்றில் சுற்றுப்போட்டி. இறுதியாட்டம் நடக்கும்போதே மேசையில் இருந்த நாங்கள் தொடர் நாயகனைத் தீர்மானித்து, பிளாஸ்டர் துண்டில் மாக்கரால் பெயரை எழுதிக் கிண்ணத்தின் அடியில் ஒட்டிவிட்டோம். கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தப் பொடியன் நடுவரைத் தள்ளிச் சிவப்பு அட்டை வாங்கினான். கிண்ணத்தைச் சுற்றியிருந்த பொலித்தீன் கூட இன்னும் பிரிக்கவில்லை. பிளாஸ்டரை உரிப்பதா விடுவதா என்று நாங்கள் முழுசிக்கொண்டிருக்க, ஒலிபெருக்கிக்காரர் பெயரை வாசித்தே விட்டார். பெரிய இடத்திலும் இது நடந்ததுதான். 2002 உலகக் கிண்ணத்தில் தங்கப் பந்து வாக்கு இறுதியாட்டத்துக்கு முன்னரே போடப்பட்டு ஜெர்மனியின் பந்துக்காப்பாளர் ஒலிவர் கானுக்குப் போனது. இறுதியில் பிரேசிலின் ரிவால்டோ அடித்த பந்தைக் கான் கைநழுவ விட, ரொனால்டோ கோல் அடித்தார். பிரேசில் 2–0.

எதிர்வுகூறலில் நீங்கள் வைத்திருக்கும் 5 புள்ளி விதியைத் தூக்கி எறியுங்கள். ஓர் அணி சராசரி 1.5 கோலும் மற்ற அணி 1.1 கோலும் அடிக்கக்கூடியது என்றால், மிக அதிகம் வரக்கூடிய முடிவு 1–1. அதுவே நூற்றுக்குப் 12 தரம்தான் வரும். மற்ற எல்லா முடிவும் அதைவிடக் குறைவு. ஆகவே கோல் கணக்கைச் சரியாகச் சொல்வது பெரும்பாலும் லொத்தர். அதற்கு அதிக புள்ளி கொடுத்தால் பட்டியலில் மேலே வருபவர் லொத்தர் விழுந்தவர்.

இதற்கு வானிலைக்காரர்களிடம் நல்ல முறை இருக்கிறது. அமெரிக்க வானிலை அலுவலகத்து கிளென் பிரையர் 1950இல் எழுதியது. பெரும்போக வெள்ளாமை வெட்டுகிற நேரத்தில் ‘நாளை மழைக்கு 70 வீத வாய்ப்பு’ என்று சொல்லி மழை வராவிட்டால், சொன்னவர் பொய்யர் ஆகிவிடுவாரா? அந்த ஒரு நாளை வைத்துச் சொல்ல முடியாது. 70 என்று சொன்ன நாட்கள் நூறு இருந்தால், அதில் எழுபதுக்குக் கிட்ட மழை பெய்ததா என்று பார்க்க வேண்டும். உங்கள் ஆட்களிடமும் பெயரைக் கேட்காமல் வீதத்தைக் கேளுங்கள்: வெற்றி 60, சமநிலை 25, தோல்வி 15. நடந்ததற்கு 1, நடக்காத இரண்டுக்கும் 0 போட்டு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு விலகினார் என்பதை வர்க்கித்துக் கூட்டுங்கள். வெற்றி வந்தால் 0.4, 0.25, 0.15 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்ட 0.245. சமநிலை என்றால் 0.945. தோல்வி என்றால் 1.145. குறைவாக வாங்குபவர் கெட்டிக்காரர். ஒன்றும் தெரியாமல் மூன்றுக்கும் சமமாகப் போடுபவருக்கு எந்த முடிவு வந்தாலும் 0.667.

குழுவில் ‘நூறு வீதம் வெற்றி, எழுதி வை மச்சான்’ என்று அடித்துச் சொல்பவர் ஒருவர் இருப்பார். சரியாக வந்தால் அவருக்கு 0, பிழைத்தால் 2. இப்படி 60 வீத வாய்ப்புள்ள ஆட்டங்கள் 20 எடுங்கள். 12 வெற்றி, 5 சமநிலை, 3 தோல்வி வருகிறது. எட்டில் பிழைத்த அவருக்கு 16. 60–25–15 என்று அடக்கமாகப் போட்டவருக்கு 11.1. ஒன்றும் தெரியாதவருக்கு 13.3. அடித்துச் சொன்னவர், தெரியாதவரைவிடக் கீழே. இந்தக் கணக்கை ஒரு தரம் குழுவில் போட்டுவிடுங்கள், சத்தம் பாதியாகக் குறையும். யார் அதிக கோல் அடிப்பார், யார் கிண்ணம் எடுப்பார் என்பதையும் பருவத் தொடக்கத்தில் இதே வீதத்தில் கேட்கலாம். உங்கள் 27 கோல்காரருக்கு அடுத்த பருவம் நான் 22, 23 என்றுதான் போடுவேன்.

இந்தப் பருவத்து விருதைத் திருப்பிக் கேட்க வேண்டாம். ஆளுக்கொரு வாக்கு என்று எல்லோரும் சம்மதித்த விதியில் முன்களக்காரர் வென்றார், அது அவருடையதுதான். என் வாக்கு மத்திய களக்காரருக்குப் போயிருக்கும், அது வேறு விடயம். பேசாமல் இருக்கும் இரண்டு பேரையும் புது விதிகளைச் சேர்ந்து எழுதச் சொல்லுங்கள். எதிர்வுகூறல் தாள் ஆட்டம் ஓடுவதற்கு முன்னர், இலங்கை நேரம் இரவு 9 மணிக்குள் வர வேண்டும் என்று போடுங்கள். கட்டாரில் அப்போது 6.30. வேலை முடிந்து அறைக்கு வந்து முகம் கழுவிவிட்டு அனுப்ப அவர்களுக்கும் நேரம் இருக்கும்.